கடலோர விளைநிலமும் கிராம மான்யமும்

நகரம் வளருங்கால் அதன் விளிம்பிலுள்ள வயலும் குளமும் வீட்டுமனைகளாக மாறுவது எந்நாட்டிலும் காணப்படும் நிகழ்ச்சியாகும். இம்மாற்றத்தினால் ஆதாயம் பெறுவோர் ஒரு சாரார். இழப்பைத் தாங்குவோர் வேறொரு சாரார். மனையை விற்றவர் பணத்துடன் அகன்றுவிடுகிறார். வாய்க்காலின் கடைமடையில் எஞ்சியிருக்கும் உழவரோ, வரத்து நீர் தடைப்பட்டும் வடிகால் அடைபட்டும் அல்லற்படுகிறார். ஆதாயத்தில் ஒரு பகுதியைக் கட்டணமாகப் பெற்று, அதனை இழப்பைத் தாங்கும் ஊர்களுக்கே மான்யமாகத் திருப்பித் தரலாகாதா என்னும் வினா இதிலிருந்தே எழுகிறது.

இவ்வினா நியாயமானது, விடை அத்துணை எளிதன்று. கட்டணம் எவ்விடத்தில் பயன்தரும், எவ்விடத்தில் தீங்கு விளைக்கும் என்பதைக் கொல்கத்தா மாநகரின் கீழ்த்திசையிலுள்ள ஈரநிலங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்புநோக்கும் பொருட்டுக் கேரளத்தின் நெல்வயல்களையும், அமெரிக்க நாட்டின் கடற்கரை நகரம் ஒன்றையும் இடையே காண்போம்.

கழிமுகத்தில் ஒரு மாநகரம்

கொல்கத்தா, ஹூக்ளி நதியின் கரைமேட்டில் அமைந்த நகரம். நதியை விட்டுக் கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்துகொண்டே போகும். ஆதலின் நகரின் மழைநீரும் சாக்கடை நீரும் இயல்பாகக் கீழ்த்திசை நோக்கியே ஓடுகின்றன. அத்திசையில் முற்காலத்தில் உப்பேரிகள் பரந்து கிடந்தன. வங்கக் கடலின் ஓதம் வித்யாதரி நதியின் வழியே ஏறி அவ்வேரிகளை நிறைத்து வந்தது. வண்டல் படிந்து அந்நதி நாளடைவில் தூர்ந்தது. 1928ஆம் ஆண்டில் அது உயிரற்ற நதியென்று அதிகார பூர்வமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நகரின் கழிவுநீரைச் சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள குல்டி நதிக்குக் கொண்டு செல்லும் கால்வாய்கள் வெட்டப்பட்டன.

உப்பு நீர் வரத்து நின்றுபோன ஏரிகளில் மீன் வளர்த்து வந்தோர், கால்வாயில் ஓடும் சாக்கடை நீரைத் தம் குளங்களுக்குள் விட்டுப் பார்த்தனர். மீன் செழித்து வளர்ந்தது. இவ்வாறு தோன்றியவையே வங்காளத்தார் 'பேரி' என வழங்கும் கழிவுநீர் மீன்குளங்கள். எந்த ஆய்வுக்கூடமும் வகுத்துத் தராத இம்முறையை மீனவரும் உழவரும் பல்லாண்டு அனுபவத்தினால் செம்மைப்படுத்தினர். பிற்காலத்தில் துருவஜோதி கோஷ் என்னும் அரசாங்கப் பொறியியலாளர் இதனை ஆராய்ந்து, இதன் பெருமையை உலகறியச் செய்தார்.

இப்பிரதேசம் 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் மொத்தப் பரப்பு 12,500 ஹெக்டேர். இதில் நீர்நிலைகள் சுமார் 5,850 ஹெக்டேர். விளைநிலம் சுமார் 4,720 ஹெக்டேர். நகரக் குப்பையை உரமாகக் கொண்டு காய்கறி பயிரிடும் நிலம் சுமார் 600 ஹெக்டேர். குடியிருப்புகள் சுமார் 1,330 ஹெக்டேர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 டன் மீன் இங்கிருந்து நகரச் சந்தைகளுக்குச் செல்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே இது வெறும் சதுப்பு நிலமன்று. நகரத்துக்கு உணவளிக்கும் விளைநிலமும், அதன் கழிவைத் தூய்மைப்படுத்தும் நிலையமும் ஆகும்.

சாக்கடை நீர் மீனாகும் விதம்

ஒரு பேரியின் ஆழம் பொதுவாக முழங்காலளவு முதல் மார்பளவு வரை, அதாவது அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். ஆழம் இவ்வளவே இருப்பதற்குக் காரணமுண்டு. கதிரவனின் ஒளி அடிமட்டம் வரை எட்ட வேண்டும். குளிர்காலத்தில் குளத்தை வற்றச்செய்து அடிச்சேற்றை வெயிலில் காயவிடுவர். பின்னர்க் கழிவுநீரை உள்ளே விட்டுச் சில வாரங்கள் தேக்கி வைப்பர். அப்பொழுது பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள அங்ககப் பொருள்களைச் சிதைக்கின்றன. சிதைவினால் வெளிப்படும் நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகளை உண்டு நுண்பாசிகள் பெருகுகின்றன. பாசிகள் ஒளிச்சேர்க்கையினால் பிராணவாயுவை வெளியிடுகின்றன. அவ்வாயுவைக் கொண்டு பாக்டீரியாக்கள் மேலும் கழிவைச் சிதைக்கின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் இச்சுழற்சிக்கு வேண்டிய சக்தி முழுவதும் கதிரவனிடமிருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

நீர் பச்சை நிறம் அடைந்ததும் ரோகு, கட்லா, மிருகால், திலேப்பியா முதலிய மீன்குஞ்சுகளை விடுவர். பாசி மிதமிஞ்சிப் பெருகினால் இரவில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடிந்துவிடும். பாசியைத் தின்னும் மீன்களே அம்மிகுதியைத் தடுக்கின்றன. ஆகவே மீன் இங்கே விளைபொருள் மட்டுமன்று. நீரைத் தூய்மைப்படுத்தும் பணியாளும் ஆகும். கரையோரத்தில் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரை, அலை கரையை அரிக்காமல் காப்பதோடு, நீரிலுள்ள உலோகங்களில் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொள்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் தெளிந்த நீர் தாழ்வான நெல்வயல்களுக்குப் பாய்கிறது.

ஒரு சிறு கணக்கு

பேரியின் பணியை அளவிட்டறிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பள்ளி மாணவர்களும் இதனைச் செய்ய இயலும். கழிவுநீரின் மாசு, அதனைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயுவின் எடையால் அளக்கப்படுகிறது. நம் நாட்டு நகரங்களில் ஓர் ஆள் நாளொன்றுக்கு வெளியிடும் மாசு, ஏறத்தாழ 45 கிராம் பிராணவாயுத் தேவைக்குச் சமமெனக் கொள்வது வழக்கம். கொல்கத்தாப் பேரிகள் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 70 கிலோகிராம் வரை இத்தகைய மாசினை ஏற்கக்கூடியவை என ஆய்வுகள் காட்டுகின்றன.

நடுத்தரமாக 30 கிலோகிராம் என்று கொள்வோம். 30,000 கிராமை 45ஆல் வகுத்தால் ஏறக்குறைய 670 வருகிறது. அதாவது ஒரு ஹெக்டேர் பேரி, 670 பேரின் அன்றாடக் கழிவைத் தூய்மைப்படுத்தும் திறனுடையது. மீன் வளர்க்கப்படும் குளங்கள் சுமார் 3,900 ஹெக்டேர் உள்ளன. அவையனைத்துக்கும் போதிய கழிவுநீர் கிடைக்குமாயின், அவை 26 லட்சம் மக்களின் கழிவைக் கையாள வல்லவை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கொல்கத்தா மாநகராட்சியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 45 லட்சம். நகரின் பாதிக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கக்கூடிய ஏற்பாடு ஒன்று, மின்சாரச் செலவின்றி மீனவர் கையில் இருக்கிறது என்பதே இக்கணக்கின் பொருள்.

இது தோராயக் கணக்கே. எல்லாப் பேரிகளுக்கும் கழிவுநீர் ஒழுங்காக வருவதில்லை. பருவத்துக்குப் பருவம் அளவும் மாறும். எனினும் நம் விவாதத்துக்கு வேண்டிய ஓர் உண்மையை இது தெளிவாக்குகிறது. ஒரு ஹெக்டேர் பேரியை நிரப்பி வீடு கட்டினால், 670 பேரின் கழிவுக்கு வேறிடம் தேட வேண்டும். புதிய வீடுகளில் குடியேறுவோரின் கழிவு அதற்கு மேற்பட்ட சுமையாகும். இவ்விழப்பு நிலத்தின் கிரயப் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

நிரம்பிய ஏரிகளும் எஞ்சிய குளங்களும்

சுதந்திரத்துக்குப் பின் நகரில் இடநெருக்கடி மிகுந்தது. முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராயின் காலத்தில், 1962ஆம் ஆண்டு, வடபகுதியிலிருந்த உப்பேரிகளை நிரப்பும் பணி தொடங்கிற்று. ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய்கள் வழியே கொண்டு வந்து ஏரிகளில் கொட்டினர். அவ்வாறு எழுந்த நகரமே இன்று பிதான்நகர் என்றும் சால்ட் லேக் என்றும் வழங்கப்படுகிறது. நெருக்கடியிலிருந்த மக்களுக்கு அது வீடு தந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அங்கே மீன் வளர்த்தவர்களின் தொழில் மீண்டும் கிட்டவில்லை என்பதும் மறுக்க இயலாதது.

பின்னர்க் கிழக்கு நெடுஞ்சாலை அமைந்தது. நிலத்தின் விலை ஏறிற்று. எஞ்சிய ஈரநிலத்திலும் கட்டடங்கள் எழுப்பத் திட்டங்கள் தீட்டப்பட்டபொழுது, பொதுநல அமைப்பு ஒன்று கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடியது. 1992ஆம் ஆண்டில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி அளித்த தீர்ப்பு ஈரநிலத்தை நிரப்புவதற்குத் தடை விதித்தது. 2006ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசாங்கம் இப்பிரதேசத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, நிர்வாக ஆணையம் ஒன்றையும் ஏற்படுத்தியது. நிலத்தின் தன்மையை அனுமதியின்றி மாற்றுவது குற்றம். மாற்றினால் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆணையிடலாம். ஆகவே கொல்கத்தாவின் ஈரநிலத்தைப் பொறுத்தமட்டில் இன்றுள்ள ஏற்பாடு தடையேயன்றிக் கட்டணமன்று.

ஆயினும் தடை மட்டும் குளத்தைக் காப்பாற்றிவிடுமா? ஒரு பேரி எவ்வாறு மறைகிறது என்பதைக் களத்தில் பணிபுரிவோர் நன்கறிவர். முதலில் கால்வாயில் வண்டல் படிகிறது. கழிவுநீர் வரத்துக் குறைகிறது. அதனால் மீனின் உணவு குறைந்து விளைச்சல் சுருங்குகிறது. குளத்தின் அடியிலும் சேறு ஏறி ஆழம் குறைகிறது. தூர்வாரும் செலவைக் குத்தகைதாரரால் தாங்க முடிவதில்லை. சில ஆண்டுகளில் குளத்தின் ஒரு மூலை மேடாகிறது. மேட்டில் ஒரு கொட்டகை எழுகிறது. பின்னர் ஒரு சுவர் எழுகிறது. அதிகாரிகள் வந்து பார்க்கும்போது, "இங்கே குளம் ஏது?" என்ற கேள்வி பிறக்கிறது. லாரி மண் வந்து குளத்தை நிரப்புவதற்கு முன்பே, பராமரிப்பின்மை அதனைப் பாதி நிரப்பிவிடுகிறது.

இங்கேதான் மான்யத்தின் தேவை புலனாகிறது. நிலத்தை மாற்றாதே என்று உழவருக்குச் சட்டம் கட்டளையிடுகிறது. அக்கட்டளைக்கு அவர் பணிவதனால் நகரம் முழுவதும் பயன் பெறுகிறது. ஆனால் குளத்தைக் குளமாக வைத்திருக்கும் செலவை அவர் ஒருவரே ஏற்க வேண்டியிருக்கிறது. அப்படியாயின் மான்யத்துக்குரிய பணம் எங்கிருந்து வருவது?

கேரளத்தின் அனுபவம்

நிலமாற்றக் கட்டணத்தை வேளாண்மைக்கே திருப்பும் ஏற்பாட்டினைச் சட்டமாக்கிப் பார்த்த மாநிலம் கேரளம். கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த குட்டநாட்டு வயல்களும், திருச்சூர்ப் பகுதியின் கோள் நிலங்களும், உவர்நீரில் நெல்லும் இறாலும் மாறி மாறி விளையும் பொக்காளி வயல்களும் அங்கேயுள்ள கடலோர விளைநிலங்கள். 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராயிருந்த கேரளத்தின் நெற்பரப்பு, பின்னர் சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

இச்சரிவைத் தடுக்க 2008ஆம் ஆண்டில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எஞ்சிய வயல்கள் யாவும் ஊர்தோறும் ஒரு தரவுப் பட்டியலில் பதியப்பட்டன. அச்சட்டத்துக்கு முன்பே மாற்றப்பட்டுவிட்டு, வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் நெல்வயல் என்று நின்ற நிலங்கள் ஏராளம். அவற்றை முறைப்படுத்தும் பொருட்டு 2018ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்தின் நியாய விலையில் ஒரு குறிப்பிட்ட பங்கினைக் கட்டணமாகச் செலுத்த வகை செய்யப்பட்டது. சிறு மனைகளுக்குப் பின்னர்ச் சலுகை அளிக்கப்பட்டது. வசூலாகும் தொகை, நெற்சாகுபடியை வளர்ப்பதற்கென ஏற்படுத்தப்பட்ட வேளாண் மேம்பாட்டு நிதியைச் சேர வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து.

நடந்தது வேறு. விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. 1,500 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. ஆனால் அத்தொகை அரசாங்கத்தின் பொதுக் கருவூலத்தில் கலந்ததேயன்றி, உரிய நிதியைச் சென்றடையவில்லை. விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024ஆம் ஆண்டில் நீதிமன்றம், அத்தொகையைத் தவணை முறையில் அந்நிதிக்கு மாற்றுமாறு பணித்தது.

கேரளத்தின் மற்றொரு முயற்சியையும் இங்கே குறிப்பிடுதல் தகும். நெல்வயலை வயலாகவே வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 ரூபாய் பரிசுத்தொகை வழங்கும் திட்டம் 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொகை சிறிதே, எனினும் அதன் தத்துவம் பெரிது. வயல் நிலத்தடி நீரைப் பெருக்குகிறது, வெள்ளத்தை ஏந்துகிறது. அப்பணிக்குக் கூலி உண்டு என்பதை அரசாங்கம் முதன்முறையாக ஒப்புக்கொண்டது.

நிதி தேங்கிக் கிடப்பது கேரளத்துக்கு மட்டும் உரிய குறையன்று. காட்டு நிலத்தை வேறு பணிகளுக்குப் பயன்படுத்துவோர் செலுத்தும் ஈட்டுத்தொகை, உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி 2002ஆம் ஆண்டு முதல் தனிக் கணக்கில் சேர்ந்து வந்தது. அதற்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டிலேதான் 47,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பணம் காத்திருக்கும், காடும் குளமும் காத்திரா.

அமெரிக்கக் கடற்கரையில்

இதே சிக்கலை வேறு விதமாக அணுகிய ஊர், கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள கார்ல்ஸ்பாட். கடலோரக் குன்றுகளில் மலர்த்தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் நிறைந்த ஊர் அது. அதன் நடுவே கடற்கழிகள் உள்புகுந்து கிடக்கின்றன. 1980களில் அம்மாநிலச் சட்டம் ஒன்று, அந்நகரின் கடலோர மண்டலத்தில் முதல் தரமல்லாத விளைநிலத்தைக் கட்டடங்களுக்காக மாற்றுவோர் ஏக்கருக்கு 5,000 டாலருக்குக் குறையாமலும் 10,000 டாலருக்கு மேற்படாமலும் கட்டணம் செலுத்த வேண்டுமென்று விதித்தது. அப்பணத்தை எதெதற்குச் செலவிடலாம் என்பதையும் அச்சட்டமே வரிசைப்படுத்திக் கூறியது: முதலாவது, ஊரிலுள்ள ஒரு கழியின் இயற்கை வளத்தை மீட்டல், இரண்டாவது, மற்றொரு கழியின் கரையில் மக்களுக்கு விளக்கமளிக்கும் நிலையம் அமைத்தல், மூன்றாவது, கடற்கரைக்குப் பொதுவழி ஏற்படுத்தல், இறுதியாக, அதே கடலோர மண்டலத்தின் இயற்கை வளத்துக்குப் பயன்படும் பிற பணிகள். நாளடைவில் ஊர்க் குடிமக்கள் குழுவொன்றின் ஆலோசனையோடு இப்பணத்திலிருந்து உள்ளூர் அமைப்புகளுக்கு மான்யங்கள் வழங்கப்பட்டன.

இவ்வேற்பாட்டில் இரண்டு நன்மைகள் உள. நிலம் இழந்த ஊரிலேயே பணம் செலவாகிறது. எதற்குச் செலவாகும் என்பதை யாவரும் முன்கூட்டியே அறிவர். குறையும் ஒன்றுண்டு. கட்டணத்தின் உச்சவரம்பை டாலரில் நிலையாகக் கட்டிவிட்டால், நிலத்தின் விலை பன்மடங்கு ஏறும்போது கட்டணம் அற்பமாகிவிடும். மனை விற்பவனுக்கு அது தடையாக நில்லாது. ஒரு சிறு செலவாகவே தோன்றும்.

கட்டணத்தில் உள்ள முரண்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து ஒரு பெரும் முரண்பாடு வெளிப்படுகிறது. நிலமாற்றக் கட்டணத்தினால் நடைபெறும் மான்யத் திட்டம், நிலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் உயிர்வாழும். நிலம் மாறுவது நின்றால் மான்யமும் நிற்கும். குளத்தைக் காக்கும் பணியாளர், தம் ஊதியத்துக்காகக் குளம் அழிவதை எதிர்பார்த்திருக்கும் நிலை விபரீதமானதன்றோ? கருவூலத்துக்கு வருவாய் தரும் ஒரு செயலை, அக்கருவூலமே தடுக்க முன்வருமென்று எதிர்பார்ப்பதும் கடினம்.

ஆதலின் எல்லா நிலத்தையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. வேறிடத்தில் ஈடுசெய்யத்தக்க இழப்பு ஒருவகை. ஈடுசெய்ய இயலாத இழப்பு மற்றொரு வகை. மேட்டுநிலத் தோட்டம் ஒன்று வீட்டுமனையானால், அதன் கட்டணத்தைக் கொண்டு அண்டையிலுள்ள ஏரியைச் செப்பனிடுவது பொருத்தமானதே. ஆனால் கொல்கத்தாவின் பேரியோ, நகரின் சரிவும், கால்வாயின் போக்கும், ஓதத்தின் நிலையும், மீனவரின் கைத்திறனும் ஒருங்கே கூடிய ஓரிடத்தில் மட்டும் அமையக்கூடியது. பத்து மைல் தள்ளி வேறொரு குளம் வெட்டினால், அங்கே சாக்கடை நீர் தானாக ஓடிவராது. இத்தகைய நிலத்துக்கு விலை குறிப்பதே தவறு. எல்லையை முதலில் நிறுத்தி, அதற்குள் தடையே சட்டமாக வேண்டும். காவிரிக் கழிமுகத்தில் விளைநிலத்துக்கு ஊறு செய்யும் சில தொழில்களை அறவே தடைசெய்து தமிழ்நாடு 2020ஆம் ஆண்டில் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இந்நெறியைச் சார்ந்ததே.

அப்படியாயின் பேரிகளைப் பராமரிக்கப் பணம் எங்கே கிடைக்கும்? எல்லைக்கு உள்ளே அன்று, வெளியே. ஈரநிலத்தின் விளிம்பில் எழும் ஒவ்வொரு கட்டடமும் அதன் பயனைப் பெறுகிறது. அதன் மழைநீர் வடிவதும், கழிவு தூய்மையாவதும் அந்நிலத்தினால்தான். புதிய கட்டடங்களிலிருந்து அபிவிருத்திக் கட்டணம் பெறுவது நம் சட்டங்களுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டத்திலும், மேற்கு வங்கத்தின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. அக்கட்டணத்தில் ஒரு பங்கினை, அக்கட்டடத்தின் நீர் எந்த ஈரநிலத்தை அடைகிறதோ அந்நிலத்து ஊர்களுக்கென ஒதுக்கிவைத்தால் முரண்பாடு நீங்கும். குளம் அழிந்தால் வரும் பணமாக அல்லாமல், குளம் உழைப்பதற்கு நகரம் தரும் கூலியாக மான்யம் மாறும். இது நம் யோசனையே. ஆயினும் முன்னே கண்ட கணக்கு இதற்குப் போதிய ஆதாரம் தருகிறதென எண்ணுகிறோம்.

மான்யம் எவ்வாறு அமைய வேண்டும்?

இவ்வகை நிதிக்கு நான்கு விதிகள் இன்றியமையாதவை எனலாம்.

முதலாவது, பணம் தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். பொதுக் கருவூலத்தில் கலந்தபின் பிரித்தெடுப்பதற்கு நீதிமன்றம் வரை செல்ல நேரிடும் என்பதைக் கேரளம் காட்டிவிட்டது.

இரண்டாவது, எந்த நீர்ச்சரிவில் வசூலாயிற்றோ அதிலேயே செலவாதல் வேண்டும். நகரின் மறுகோடியில் பூங்கா அமைப்பதற்கு அது பயன்படலாகாது.

மூன்றாவது, கட்டணம் நிலையான தொகையாக இராமல் நிலத்தின் விலையோடு ஏறி இறங்குதல் வேண்டும்.

நான்காவது, மான்யம் சிறு சிறு பணிகளாகப் பகிரப்படுதல் வேண்டும். அப்பணிகளின் பட்டியலை ஊர்மக்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் தயாரித்தல் வேண்டும். குளத்தின் சேற்றை அகற்றுதல், மதகுகளைப் பழுதுபார்த்தல், கிளைக்கால்வாய்களைத் தூர்வாருதல், கரைகளை உயர்த்துதல் ஆகியவை முதலிடம் பெறத்தக்கவை. அவற்றோடு நீரையும் மீனையும் காலமுறைப்படி சோதிக்கும் பணியும் சேர்தல் அவசியம். அண்டையிலுள்ள பன்தலாவில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல உள்ளன. வீட்டுக் கழிவை மீன் தின்று தீர்க்கும். குரோமியம் போன்ற உலோகங்களை அவ்வாறு தீர்க்க இயலாது. தொழிற்சாலைக் கழிவு பேரிக்குள் புகாமற் காத்தாலன்றி, சாக்கடை மீன் என்ற பெயர் மக்களிடையே அச்சத்தையே விளைக்கும். அச்சம் விலையைக் குறைக்கும். விலை குறைந்தால் குளம் மனையாகும்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

இவையெல்லாம் கொல்கத்தாவின் விவகாரம் என்று தமிழ்நாட்டு வாசகர்கள் கருதலாகாது. சென்னையின் தென்பால், 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், நகரின் வெள்ளத்தை ஏந்திக் கடலுக்கு அனுப்புகிறது; அதன் ஒருபுறம் குப்பைமேடு, மறுபுறம் அடுக்குமாடிகள். நம் கடலோர மாவட்டங்களில் ஏரியின் ஆயக்கட்டு மனைகளாவதையும், வடிகால் ஓடைகள் குறுகுவதையும் காணாதார் இலர்.

களப்பணியாளர் செய்யத்தக்க முதற்பணி பதிவேடாகும். நிலம் மாறியபின் அது முன்பு என்னவாயிருந்தது என்பதை நிறுவுவது அரிது. தத்தம் எல்லைக்குட்பட்ட குளம், மதகு, வாய்க்கால் ஒவ்வொன்றின் பரப்பையும் ஆழத்தையும் கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை அளந்து குறித்துவைத்தால், அக்குறிப்பே பின்னாளில் சாட்சியாகும். குளத்தின் மூலை மேடாகத் தொடங்கும் முதலாண்டிலேயே அறிவித்தல் வேண்டும். சுவர் எழுந்தபின் அறிவிப்பதால் வழக்கு வளருமேயன்றிக் குளம் மீளாது. பராமரிப்புக்கு ஆகும் செலவினை உழவரிடம் கேட்டறிந்து ஹெக்டேர் கணக்கில் எழுதி வைத்தால், மான்யத்தின் அளவை நிர்ணயிப்போருக்கு அது பெரிதும் உதவும்.

ஆசிரியர்கள் முன்னே காட்டிய கணக்கைத் தம் ஊருக்குப் பொருத்திச் செய்விக்கலாம். ஊரின் மக்கள்தொகையை 45 கிராமால் பெருக்கினால் அன்றாட மாசின் அளவு கிடைக்கும். அக்கழிவு எவ்வழியே சென்று எங்கே சேருகிறது என்பதை மாணவர்கள் நடந்து சென்று வரைபடமாக வரையலாம். கண்ணாடிக் குடுவைகள் இரண்டில் குளத்து நீரை நிரப்பி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் சில நாட்கள் வைத்துப் பார்த்தால், ஒளி இருக்கும் குடுவையில் பச்சை படர்வதையும் மற்றதில் அவ்வாறு படராததையும் காணலாம். பேரியின் இரகசியம் அக்குடுவையில் அடங்கியுள்ளது. குளத்து நீரைக் கையாண்டபின் கைகளைச் சோப்பினால் கழுவுமாறு மாணவர்களைப் பழக்குதல் வேண்டும்.

நிலத்தைக் கிரயம் செய்வோர் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளக்கின்றனர். அந்நிலம் ஆற்றிவரும் பணியை அளப்பார் இலர். அவ்வளவை எடுத்து, அப்பணிக்குரிய கூலியை நகரத்திடமிருந்து பெற்று, கிராமத்துக்குச் சேர்ப்பிக்கும் ஏற்பாடே உண்மையான மான்யமாகும். தடை எல்லையைக் காக்கும்; எல்லைக்குள் இருப்பவரை வாழவைப்பது அக்கூலியே. கொல்கத்தாவின் மீனவர் நெடுங்காலமாக ஊதியமின்றி ஆற்றிவரும் தொண்டு, இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி அடுத்த தலைமுறைக்கு நிலைக்காது.